கெல்லி துரையும் எங்க பேராண்டியும்

வாடா பேராண்டி, உட்காரு. கோப்பி ஆறிடப் போகுது. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கே, ராத்திரி எந்தக் கிரகத்துக்குப் போயிட்டு வந்தே?

கோவிச்சுக்காத. தோட்டத்துல நாங்க விடியறதுக்கு முன்னாலயே எந்திரிச்சுப் பெரட்டுக்கு ஓடுவோம். வெயில் ஏறிட்டா கித்தா மரத்துல பால் ஓட்டம் கொறைஞ்சிடும், அந்த அவசரம். நீ அந்த நேரத்துக்குத்தான் படுக்கவே போற. உனக்கு எந்தப் பால்டா நின்னு போகுதுன்னு கேட்டா, ‘டிப்ளாய் பண்ணேன் தாத்தா’ங்கற. பண்ணு. கோலாலம்பூர் கம்பெனி உன்ன ஈப்போவுலயே உட்கார வச்சுச் சம்பளம் குடுக்குது, பகல் வேலைய நீயும் ஒழுங்காத்தான் பார்க்கற. அதுல நான் வாய் தொறக்கல. நான் கேக்கறது ராத்திரி வேலைய.

திங்கக்கிழம, எந்தக் கடையில டுரியான் என்ன வெலைன்னு சொல்ற ஆப்பு ஒண்ணு ஆரம்பிச்சே. சீசன் முடிஞ்சப்புறம் ஆரம்பிச்ச பாரு, அங்க நிக்குது உன் சாமர்த்தியம். புதன்கிழம அத விட்டுட்டே. பாட்டியோட துளசித் தொட்டியில ரெண்டு கம்பியக் குத்தி, மண்ணு காஞ்சா உன் போனுக்குச் சேதி வர்றதுக்கு ஏற்பாடு பண்ணே. சேதியும் வந்துச்சு, நீதான் தூங்கிட்டு இருந்தே. உங்க பாட்டி எந்தச் சேதியும் இல்லாம செம்புத் தண்ணிய ஊத்திட்டுப் போயிட்டா. வெள்ளிக்கிழம இன்னொரு யோசன, அதுக்கு ஒரு டொமைன் பேரு. வருசா வருசம் அதுக்குக் காசு கட்டணுமாமே? போன வருசம் வாங்கின பேருல உள்ள போனா என்னடா இருக்குன்னு கேட்டேன். ‘கமிங் சூன்’னு எழுதியிருக்காம். வரட்டும், வரட்டும், நான் எங்கயும் போகல.

நடுவுல படம் வேற. ‘இன்டர்ஸ்டெல்லர’ எனக்கும் போட்டுக் காட்டினே. அந்தத் தண்ணிக் கிரகத்துல ஒரு மணி நேரம் இருந்தா பூமியில ஏழு வருசம் ஓடிடும்னு வாயப் பொளந்துக்கிட்டுச் சொன்னே. எனக்கு அதுல ஆச்சரியமே இல்லடா. ‘ஒரு மணி நேரத்துல வர்றேன்’னு நீ மாடிக்குப் போனா, கீழ எங்களுக்கும் அதே கணக்குத்தான்.

எங்க காலத்துலயும் இந்த மாதிரிப் படம் உண்டு. 1963ல ‘கலை அரசி’ வந்துச்சு, எம்.ஜி.ஆரும் பானுமதியும். வேற கிரகத்து ஆளுங்க வந்து பானுமதியத் தூக்கிட்டுப் போவாங்க. எதுக்குங்கற? பூமி வரைக்கும் பறந்து வரத் தெரிஞ்சவங்களுக்கு அவங்க ஊர்ல பாட்டுச் சொல்லிக் குடுக்க ஆளில்ல! நம்பியார் பண்ற அட்டகாசத்தப் பார்த்துப் பொம்பளைங்க மண்ண வாரித் தூத்துவாங்க. நீ இப்பச் சிரிப்பே. ஆனா அந்தக் கிரகத்துக்காரனுக்கு என்ன வேணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. உன் ஆப்பு யாருக்குடா வேணும்?

பத்து காஜா பக்கம் கெல்லி கோட்டைக்குப் போயி செல்பி எடுத்தியே, அது யாரு கட்டினதுன்னு விசாரிச்சியா? வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரன். ரோடு போடற கான்ட்ராக்டுல காசு பார்த்து, காட்ட அழிச்சுக் கித்தா நட்டு, ஈயத்துலயும் கை வச்சான். உன்னாட்டமே பகல் வேலையில ஒரு கொறையும் இல்ல. அதுக்கப்புறம்தான் ஆச தலைக்கேறிடுச்சு. 1915ல பெரிய மாளிகைய ஆரம்பிச்சான். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவுலேர்ந்து, கட்டற கையி நம்ம தமிழாளுங்க கையி. மலாயாவுலயே யாரும் வைக்காத லிப்ட்டு வைக்கணும்னு அதுக்குன்னு ஒரு கோபுரத்தயே எழுப்பினான். 1926ல ஐரோப்பா போனவன் லிஸ்பன்ல நிமோனியா வந்து போய்ச் சேர்ந்தான். லிப்ட்டு வரவே இல்ல. நீ படியேறித்தான் செல்பி எடுத்தே.

அந்தக் கட்டட வேல நடக்கறப்பத்தான் ஸ்பானியக் காய்ச்சல் வந்து ஆளுங்க மளமளன்னு செத்தாங்க. மிச்சம் இருந்தவங்க துரைகிட்டப் போயி, மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேணும்னு கேட்டாங்க. அவன் போட்ட பிளான்லயே இல்லாத வேல அது. இருந்தாலும் கட்டிக் குடுத்தான். கோயில் முடிஞ்சுது. இப்பப் போனா மாளிகைக்கு டிக்கெட்டு வாங்கணும், கோயில்ல பூஜை நடக்குது. நம்ம ஆளுங்க நன்றி கெட்டவங்களா? சாமிங்களோட சாமியா, கோட்டும் தொப்பியுமா துரைக்கும் கோயில் மேல ஒரு சிலைய வச்சிட்டாங்க. அவன் ஆசப்பட்டுக் கட்டினது பாதியில நிக்குது, அடுத்தவன் கேட்டுக் கட்டினது நிமிர்ந்து நிக்குது. நீ பாதியில விட்டதெல்லாம் கிட்ஹப்புல பத்திரமா இருக்குங்கற. நல்லது, டிக்கெட்டு கிழிக்க ஆள் வேணாம்.

ராத்திரி வேலையே ஆகாதுன்னு சொல்லல. நம்ம நாட்டு முத்து நெடுமாறன் 1985லயே கம்ப்யூட்டர்ல தமிழ் வரணும்னு உட்கார்ந்தாரு. முரசு அஞ்சல் அப்படித்தான் வந்துச்சு, 2005ல போனுக்குச் செல்லினம். ‘சாப்பிட்டாச்சா தாத்தா’ன்னு ஐபோன்ல எனக்குத் தட்டறியே, அந்த அஞ்சல் விசைப்பலகை அவரு யோசன. எழுத்தாளர் சுஜாதாவும் பெங்களூர்ல பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல எஞ்சினியரா இருந்தவருதான். ‘என் இனிய இயந்திரா’வ விகடன்ல தொடரா எழுதினாரு. வாரா வாரம் அச்சுக்குப் போகணும், ‘கமிங் சூன்’ போட்டு ஏமாத்த முடியுமா?

அதனால உனக்கு ஒரு வேல வச்சிருக்கேன். நம்ம தோட்டம் பாதி செம்பனையாயிடுச்சு, பாதி தாமானாயிடுச்சு. ஆளுங்க சிம்மோர், சுங்கை சிப்புட்னு செதறிட்டாங்க. தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சொல்லி அனுப்ப, கிராணியார் எழுதின பேரு நோட்டு ஒண்ணு என்கிட்ட இருக்கு. பாதி நம்பர்ல மணியே அடிக்கல. அத போன்ல ஏத்து. யாரு எந்தத் தாமான்ல இருக்கா, யாருகிட்ட காடி இருக்கு, வழியில எந்தக் கெழவிய ஏத்திக்கிட்டு வரலாம்னு அது காட்டணும். எழுத்து பெருசா இருக்கட்டும். டொமைன் கிமைன் வேணாம்.

திருவிழாவுக்குள்ள முடிச்சியானா, கோயில் கமிட்டிகிட்டச் சொல்லி மேல உனக்கும் ஒரு சிலைக்கு எடம் கேக்கறேன், மடியில லாப்டாப்போட. அளவெடுக்க சிற்பி வர்றப்ப மட்டும் இந்த அரைக்கால் சட்டையோட வந்து நிக்காத. பக்கத்துல அம்மன் இருக்கா.