நான்கு வட்டுச் செல்வர்

புரட்டாசிச் சனிக்கிழமையில் பெருமாள்மலை ஏறாத துறையூர்க்காரரைக் காண்பது அரிது. அவ்வாறு ஏறாமல் வீட்டிலேயே தங்கி, மாடிப்படிக்கு அடியில் ஓயாது உறுமும் கருநிறப் பெட்டியொன்றின் எதிரே அமர்ந்து, அதன் பச்சை விளக்கைத் தரிசித்துக்கொண்டிருக்கும் கிருகஸ்தர் எவரேனும் தென்பட்டால், அவர் நான்கு வட்டுச் செல்வர் வகுப்பைச் சேர்ந்தவர் என்று தயக்கமின்றித் தீர்மானித்துவிடலாம்.

ஐம்பது பிராயத்தை எட்டிய இப்பிரகிருதி, குடும்பத்தின் புகைப்படங்கள், கல்யாண வீடியோக்கள், பத்திர நகல்கள், எவரும் இரண்டாம் முறை பாராத சினிமாக்கள் ஆகிய சகலத்தையும் சம்ரட்சிக்கும் பொறுப்பை, ஒருவரும் ஒப்படைக்காமலேயே ஏற்றுக்கொண்டவர். பத்திரிகை வைக்க வந்தவரையும் விடாது உட்காரவைத்து அவர் போதிக்கும் சித்தாந்தத்துக்கு மூலம், 1988-இல் பெர்க்கிலியைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்னும் மூவர் வெளியிட்ட கட்டுரை. மலிவான கணினி வட்டுகள் பலவற்றை ஒன்றாகப் பிணைத்து, ஒன்று கெட்டாலும் மற்றவை ஈடுசெய்யும்படி அமைக்கும் அந்த ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். நான்கு பங்காளிகளில் ஒருவர் வராவிட்டாலும், மொத்தக் கணக்கையும் மற்ற மூவர் பங்கையும் கொண்டு அவர் பங்கைக் கண்டுகொள்வதுபோல, இறந்த வட்டில் இருந்ததை மற்ற மூன்றிலிருந்தும் கணித்துவிடலாம். அக்கணக்குக்கு உதவும் உபரிக் குறிப்பே பாரிட்டி.

ஏற்பாட்டில் குறையில்லை. நான்கு டெராபைட்டு வட்டுகள் நான்கையும், திருச்சிக்குப் பஸ் ஏறிப்போய், ஒரே கடையில் ஒரே நாளில் அவர் வாங்கி வந்ததுதான் குறை. ஒரே தொகுதியில் பிறந்து, ஒரே பெட்டிக்குள் ஒரே வெப்பத்தில் சுழன்ற வட்டுகள், மூப்படைவதிலும் அதிக இடைவெளி விடுவதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக நின்ற மின்சாரம் திரும்பிவந்த ஒரு மாலையில், முதல் வட்டு உயிர்நீக்கிறது. அப்போது செல்வர் முகத்தில் தோன்றுவது விசனமன்று. தம் சித்தாந்தம் மெய்ப்படும் வேளை வந்துவிட்டதென்ற உற்சாகமே.

“ஏங்க, பாப்பா காதுகுத்துப் படமெல்லாம் இருக்குல்ல?”

“பாரிட்டி இருக்கறப்ப உனக்கென்ன பயம்?”

“பாரிட்டி எப்ப வரும்னு முன்னாடியே சொல்லிடுங்க, ஒலை வெக்கணும்.”

புதிய வட்டைச் செருகி மீட்பைத் தொடங்கினால், எஞ்சிய மூன்றிலும் உள்ள 12 டெராபைட்டையும் ஆதியோடந்தமாகப் படித்தாகவேண்டும். 12.5 டெராபைட்டு படிப்பதற்குள் படிக்கவியலாத பகுதி ஒன்று குறுக்கிடக்கூடும் என்று, சாதாரண வட்டுகள் பலவற்றின் குறிப்பேட்டில் அவற்றைச் செய்தவர்களே அச்சிட்டிருப்பதுண்டு. அதை நம் செல்வர் வாசித்ததில்லை. வருஷக்கணக்காக எவரும் தொடாமையால் மௌனமாகக் கெட்டுக்கிடந்த மூலைகள் அந்த இரவில்தான் வாய் திறக்கின்றன. இரண்டாம் வட்டும் தடுமாற, பச்சை விளக்கு சிவக்கிறது.

இனி வைத்தியப் படலம். வட்டை ஃப்ரீசரில் வைத்தால் பிழைக்கும் என்றொரு கர்ணபரம்பரை உபாயம் உண்டு. குளிர்ந்த வட்டு வெளியே வந்ததும் நீர் கோத்துக்கொண்டு முன்னிலும் சீர்கெடும் என்பதே பெரும்பாலும் பலன். “மீன் வெக்கிற எடத்துல என்னத்தங்க வெச்சிருக்கீங்க?” என்று இல்லாள் அதைத் தக்க தருணத்தில் வெளியேற்றிவிடுவதால், வட்டு தப்புகிறது. அதன்பின் புத்தி தெளிந்த செல்வர், எந்த வட்டு எந்த அறையில் இருந்ததென்று ஒட்டுச்சீட்டில் எழுதி, டிடிரெஸ்க்யூ என்னும் நிரலைத் துணைக்கு அழைக்கிறார். எளிதில் வருவதை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டுபிடிக்கும் பகுதிகளைப் பின்னர் ஒவ்வொன்றாக அணுகும் நிதானம் அந்நிரலுக்கு உண்டு. அதைக் கையாள்பவர்களுக்குத்தான் இராது. சோறு தண்ணீர் மறந்த நிஷ்டைக்குப் பின், நோயுற்ற வட்டின் நகலை வைத்து, எழுதுவதற்கு இடங்கொடாமல் பெட்டி மறுபடி திறக்கப்படுகிறது.

மீண்டவை யாவை? ‘பழையது’, ‘புதியது’, ‘புதியது-கடைசி’ என்னும் மூன்று பெயர்களில் ஒரே கொடைக்கானல் பயணமும், சினிமாக்கள் சேதமின்றி அனைத்தும். காதுகுத்துப் படங்கள் மட்டும் பாதி முகத்தோடு வந்தன. அவையோ, இல்லாளின் தமக்கை ஸ்ரீரங்கத்து வீட்டில் அச்சிட்டு ஒட்டிவைத்த ஆல்பத்தில் ஒன்று குறையாமல் இருந்தன.

சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஒரே வீட்டுச் சுவடியை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. பல ஊர்களில் பல கைகளில் இருந்த பிரதிகளைத் தேடிச் சேர்த்து ஒப்புநோக்கினார். செல் அரித்ததும் சிதைந்ததுமான ஏடுகளிலிருந்து அந்நூல் பிழைத்து வந்தது, அதன் பிரதிகள் ஊருக்கொன்றாகச் சிதறியிருந்தமையால்தான். ஒரு பெட்டிக்குள் நான்கு வட்டு வைத்தாலும் நாற்பது வைத்தாலும், இடி விழுந்தால் அது ஒரே பிரதியே.

இவ்வுண்மை செல்வருக்கும் உறைத்தது. உடனே இரண்டாவது பெட்டியொன்றை வாங்கி, ஸ்ரீரங்கத்துச் சகலை வீட்டில் ஸ்தாபித்தார்; “சகலை, பச்சை வெளக்கு எரியுதா?” என்று அந்திதோறும் தொலைபேசியில் விசாரித்தும் வந்தார். சிலகாலம் பணிவாகப் பதில் சொல்லிவந்த சகலை, இப்போது தம் வீட்டுக்கு வருவோரைப் பிடித்துவைத்துக்கொண்டு பாரிட்டிக்கு வியாக்கியானம் செய்யத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி. படங்களின் கதி எதுவாயினும், நான்கு வட்டுச் செல்வர் தம்மைப் பொறுத்தவரை வெளியூரில் பழுதற்ற ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டார்.