புத்தளக் கரையின் புகழ்ச்சி அடைகள்

பெயருக்கு முன்னால் வந்து நின்று அதை உயர்த்திப் பேசும் சொல் புகழ்ச்சி அடை எனப்படும். உடப்பு முதல் கற்பிட்டி வரையான கரையோரப் பள்ளிகளின் ஆரம்பப் பிரிவில் அது மூன்று வகைப்படும்: சிவப்பு மை அடை, கட்டுரை அடை, கரை அடை. நான்காவதும் உண்டு, அது பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே வழங்குவது. இப்படி வகுக்க உனக்கு அதிகாரம் ஏது எனின், மண் தந்த அதிகாரம் என்க. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களையெல்லாம் ஒரு நூலில் அடுக்கினார். ஊர்கள் தீர்ந்ததும் 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ நூலில் புலவர்களை அடுக்கினார். அடுக்கும் வியாதி இந்தக் கரைக்குப் பழையது.

சிவப்பு மை அடை கொப்பியின் ஓரத்தில் வாழ்வது. ‘நன்று’, ‘மிக நன்று’ என இரண்டு உட்பிரிவுடையது. இலக்கணப்படி ‘நன்று’ அடையே ஆகாது, குறிப்பு வினைமுற்று என்று மறுப்பார் உளர். டீச்சரோடு யார் வழக்காடுவது? விட்டுவிடுவோம்.

கட்டுரை அடை ‘எனது கிராமம்’ என்ற தலைப்பின் கீழ் முளைப்பது. கிராமம் அழகானது, ஆசிரியை அன்பானவர், கடல் நீலமானது. களப்பு ஓரம் குடியிருந்து, காலையில் எழுந்தால் சேற்றையும் கண்டலையும் சாம்பல் நிறத் தண்ணீரையும் பார்க்கிற பிள்ளையும் நீலம் என்றே எழுதும். காரணம் என்னை எனின், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்க. ‘அழகான’ என்று எழுதியதற்காக இதுவரை எவருக்கும் புள்ளி குறைந்ததில்லை. சாம்பல் நிறம் என்று எழுதிப் பார்க்க எந்தத் தாய் விடுவாள்?

கரை அடையில்தான் சாத்திரம் சூடு பிடிக்கிறது. கரும்பலகையில் ‘நல்ல மீன்’ என்று எழுதிவிட்டு, எப்படி நல்லது என்று கேட்டுப் பாருங்கள். கட்டுரையில் மூன்று அடைக்கு மேல் தெரியாத பிள்ளை, கரைவலை இழுக்கிறவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், எழும்பி நின்று சொல்லும்: “செவுள் சிவப்பா இருக்கணும் டீச்சர். கண் உள்ளுக்குப் போகாம தெளிவா இருக்கணும். விரலால அமத்தினா பள்ளம் விழாம திரும்ப எழும்பணும்.” பவணந்தி முனிவர் நன்னூலில் நிறம் ஐந்து, சுவை ஆறு, ஊறு எட்டு என்று குணங்களைப் பிரித்து வைத்தார். பிள்ளை ஒரே மூச்சில் நிறத்தையும் வடிவையும் ஊற்றையும் தொட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டது.

நாற்றத்துக்கு மட்டும் முனிவர் கைச்சுருக்கம் காட்டினார். நறுமணம், தீநாற்றம் என இரண்டே. கருவாடு எதில் அடங்கும்? மலைநாட்டிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டாவதில் போடுவார். பிள்ளைக்கோ அது பசியைக் கிளப்பும் மணம். உரையாசிரியர்கள் யாரும் உடப்புப் பக்கம் வராததால் நேர்ந்த குறை இது. மூன்றாவது நாற்றம் ஒன்று வகுக்கப்படும்வரை பிணக்கு தீராது.

கரை அடைக்கு இன்னொரு விதியும் உண்டு. விற்கிறவர்தான் அதைச் சொல்லலாம். வாங்குகிறவர் சொன்னால் விலை ஏறும். ஆகவே வாங்குகிறவர் துள்ளும் பாரையைப் பார்த்தும் “பிழையில்லை” என்பார். இது எதிர்மறைப் புகழ்ச்சி. இதற்கு இதே கரையில் பழைய சான்று இருக்கிறது. 1344இல் பயணி இபின் பதூதா புத்தளத்தில் அரசன் ஆரிய சக்கரவர்த்தியைக் கண்டபோது, அரசனின் ஆட்கள் முத்துகளில் நல்லதைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வேறு கடல்களில் இப்படிப்பட்ட முத்து உண்டா என்று அரசன் கேட்க, இவ்வளவு நல்லதைக் கண்டதில்லை என்றார் பயணி. மகிழ்ந்த அரசன் அந்த முத்துகளையே கொடுத்துவிட்டான். இல்லை என்று முடிந்த ஒரு வாக்கியத்துக்கு இத்தனை பரிசு! பிற்காலத்தில் முத்து வணிகர்கள் 20 துளை முதல் 1000 துளை வரையான பித்தளைச் சல்லடைகளில் முத்தைச் சலித்துத் தரம் பிரித்தார்கள். உருட்சி, ஒளி இரண்டும் குறையாததே ‘ஆணி’ என்ற முதல் தரம். ‘அழகான முத்து’ என்று ஒரு சல்லடை இருந்ததாகத் தெரியவில்லை.

நான்காவது, காப்பு அடை. டீச்சர் ஒரு பிள்ளையை ‘வடிவான பிள்ளை’ என்று வகுப்பில் சொன்னால், அன்று மாலை அந்த வீட்டில் பாட்டிக்கு வேலை. உப்பும் செத்தல் மிளகாயும் கைக்குள் பொத்தி, பிள்ளையின் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவார். மிளகாய் நெடி வராவிட்டால் கண்ணூறு உறுதி. முஸ்லிம் வீடுகளில் ‘மாஷா அல்லாஹ்’ என்ற காப்பைச் சேர்க்காமல் புகழ்ந்தவரை உம்மா ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆசிரியர் கலாசாலையில் நேர்மறை அடைகளைத் தாராளமாக வழங்கச் சொல்கிறார்கள். நெடியைத் தாங்கப்போவது யார் என்று சொல்வதில்லை.

இனிக் கற்பிக்கும் முறை. ஒரு பாடவேளைக்கு ‘நல்ல’, ‘அழகான’ இரண்டையும் தடை செய்க. பிறகு விலை பேசப்படாத, எவரும் புகழாத ஒன்றைக் காட்டுக. கற்பிட்டிப் பக்கம் இதற்கு அலைய வேண்டாம். வேலியோரத்தில் கட்டாக்காலிக் கழுதை எப்போதும் நிற்கும். தரம் 4 வகுப்பில் இதைச் செய்தால் முதலில் ‘பொறுமையான கழுதை’ வரும். அது கட்டுரை அடை, தள்ளுக. ‘நீளக் காதுள்ள கழுதை’ வரும், ஏற்க. ‘வெயிலுக்குப் பயப்படாத கழுதை’ வரும். எதிர்மறைப் புகழ்ச்சி, முழுப் புள்ளி. கடைசி வாங்கிலிருந்து ‘டீச்சர் எங்களைக் கூப்பிடுற கழுதை’ என்று ஒன்று வரும். அது பெயரெச்சத் தொடர். புகழ்ச்சியா இகழ்ச்சியா, யாருக்கு என்பதில் ஆசிரியர் அறையில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.