இணையப் போக்கர்ப் போட்டிகளின் கடைக்கட்டத்தில் பதினெட்டாவது கிலோவின் வகிபாகம்: மத்திய மலைநாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

கைத்தொலைபேசியில் போக்கர் ஆடும் தோட்டத்துப் பையன்கள், போட்டியின் முதல் சில மணித்தியாலங்களை மானத்தோடு கடந்துவிட்டு, பரிசு கைக்கெட்டும் நேரத்தில் மட்டும் கவிழ்ந்துபோவது ஏன்? இதற்கு விடை காண்பதே இவ்வாய்வின் நோக்கம். இத்துறையில் இதுவரை எழுதியவர்கள் பெரும்பாலும் லாஸ் வேகஸைச் சுற்றி வாழ்ந்தவர்கள். அங்கே தேயிலை விளையாது. ஆகவே அவர்களுடைய முடிவுகள் அனைத்தும் தற்காலிகமானவை என்றே இக்கட்டுரை கொள்கிறது.

ஆய்வுப் பரப்பு, ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட தோட்டங்கள். நுணுகிச் சொன்னால், அந்தத் தோட்டங்களில் சிக்னல் கிடைக்கும் இடங்கள்: பிள்ளைக் காம்பராவின் பின்சுவர், கோயில் மேடு, தண்ணீர்த் தாங்கியை ஒட்டிய பாறை. மழை பிடித்தால் மேடும் பாறையும் ஆய்வுப் பரப்பிலிருந்து நீங்கிவிடும். மலைநாட்டில் மழை பிடிக்காத மாதம் எது என்பது தனி ஆய்வு.

ஆடப்பட்டவை எல்லாம் காசில்லாச் சில்லுகள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. போக்கர் திறமையா அதிர்ஷ்டமா என்று கடலுக்கு அப்பால் பெரிய வழக்கே நடந்தது. 2023இல் தமிழ்நாட்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளின் பட்டியலில் போட்டது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை அங்கிருந்து எடுத்தது. 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் காசு வைத்து ஆடக்கூடாது என்று கதையை முடித்தது. அதே மாதம் கொழும்பிலும் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகார சபைக்கான சட்டம் நிறைவேறியது. இந்த விவாதத்துக்குள் நாம் நுழையத் தேவையில்லை. கொழுந்து குறைந்த நாளில் குறைந்தது கை வேகமா, வானமா என்று எந்த மன்றமும் விசாரித்ததில்லை. தோட்டத்தில் பேரை, அதாவது அன்றைய கூலியை, மட்டும் பாதியாக்கியிருக்கிறார்கள்.

போட்டியின் அமைப்பை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடங்கும்போது எல்லோருக்கும் ஒரே அளவு சில்லு. ஒவ்வொரு கைக்கும் இருவர், தங்கள் சீட்டு என்னவென்று தெரியும் முன்னரே, பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயத்தைக் கட்ட வேண்டும். அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே போகும். சும்மா இருப்பவனுடைய சில்லும் கரையும். சில்லு தீர்ந்தவன் வெளியே. நுழைந்தவர்களில் ஏழில் ஒருவருக்கோ பத்தில் ஒருவருக்கோதான் பரிசு. பரிசுக் கோட்டுக்கு ஓர் இடம் முன்னால் விழுந்தவனுக்கும், முதல் கையிலேயே விழுந்தவனுக்கும் கிடைப்பது ஒன்றேதான்: வெறுங்கை. இந்த எல்லையைப் போக்கர் நூல்கள் குமிழி என்கின்றன.

இனி மலைக்கு வருவோம். காலையில் பிரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டும் நேரம். கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பார். கொழுந்து நிறைந்த நிரை யாருக்கு, காய்ந்த ஓரம் யாருக்கு என்பதில் பாதிப் போட்டி அங்கேயே முடிந்துவிடும். பிறகு நாளில் இரண்டு மூன்று முறை நிறுவை. நாளுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் ஓர் அளவு வைத்திருக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் அது மாறும். கணக்குக்கு 18 என்று கொள்வோம். எடுத்தால் முழுப்பேர். எடுக்காவிட்டால் பல தோட்டங்களில் அரைப்பேர். 2024 செப்டெம்பரில் நிர்ணயமான நாட்சம்பளம் 1,350 ரூபாய், அளவுக்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபாய். இதை வைத்துப் பாருங்கள். முதல் 17 கிலோவும் சேர்ந்து 675 ரூபாய். பதினெட்டாவது கிலோ ஒன்று மட்டும் இன்னொரு 675 ரூபாய். பத்தொன்பதாவது கிலோ 50 ரூபாய்.

ஒரே செடி, ஒரே விரல், ஒரே தராசு. கடைக்கட்டக் கோட்பாட்டை இதைவிடச் சுருக்கமாக எந்த நூலும் சொன்னதில்லை. (2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் நாளுக்கு 1,750 என்றது. அளவு அப்படியே இருந்தால் மேற்கண்ட எண்கள் மாறும், பள்ளம் ஆழமாகும்.)

மேலைத்தேயத்தார் இதே இடத்துக்கு வர எவ்வளவு சுற்றினார்கள் என்று பார்த்தால் இரக்கமே வருகிறது. 1973இல் டேவிட் ஹார்வில் என்பவர் குதிரைப் பந்தயத்துக்கு ஒரு கணக்குச் செய்தார். முதலாவதாக வரக்கூடிய வாய்ப்புத் தெரிந்தால் இரண்டாவது, மூன்றாவது இடங்களுக்கான வாய்ப்பை எப்படிக் காண்பது என்பதே அது. 1987இல் மேசன் மால்மத் அதைப் போக்கர் மேசைக்குக் கொண்டுவந்தார். ஆக, கடைசி மேசையில் இன்று உலகம் நம்பியிருக்கும் சூத்திரம் குதிரை லாயத்தில் பிறந்தது. நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு இன்றும் குதிரை ஓடுகிறது. ஆளுநர் கிண்ணத்துக்குக் கூடும் கூட்டத்தில் பாதிக்கு ஹார்வில்லைத் தெரியாது. மீதிப் பாதி குதிரையையே பார்ப்பதில்லை. இருந்தும், இத்துறையின் தலைநகரம் லாஸ் வேகஸ் அல்ல, நுவரெலியாவே என்ற நமது கோரிக்கையை இங்கே பதிவு செய்துகொள்கிறோம்.

சூத்திரம் சொல்வது இது. மூன்று பேர் மிஞ்சியிருக்கிறார்கள். பரிசு 50, 30, 20. சில்லும் அதே விகிதத்தில், ஒருவனிடம் பாதி, அடுத்தவனிடம் நூற்றுக்கு 30, கடைசி ஆளிடம் 20. சில்லில் பாதி வைத்திருப்பவனுக்குப் பரிசிலும் பாதி என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஹார்வில் வழியில் கணக்கிட்டால் அவனுடைய பங்கு 38.4தான். ஐந்தில் ஒரு பங்கு சில்லோடு மூலையில் குந்தியிருப்பவனுக்கோ 28.9. சேரச் சேரச் சில்லின் மதிப்புக் குறைகிறது. கையில் இருக்கும் கடைசிச் சில்லுதான் பெறுமதி கூடியது. இழக்கும் ஆயிரம் சில்லு, வெல்லும் ஆயிரத்தைவிடக் கனம். நம் பையன்கள் இதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். பத்தொன்பதாவது கிலோவுக்காகப் பதினெட்டாவதை வைத்து ஆடுகிறார்கள்.

நூல்கள் பயமுறுத்தல் பற்றியும் நிறையச் சொல்லும். குமிழி நெருங்கும்போது பெரிய சில்லுக்காரன் நடுத்தரக்காரனைத்தான் மிரட்ட வேண்டும் என்பார்கள். இழக்க ஏதாவது வைத்திருப்பவன் அவன்தான். இதற்குக் களச்சான்று வேண்டுமானால் பிற்பகல் நாலு மணிக்கு மலைக்குப் போய்ப் பார்க்கலாம். 25 கிலோவைத் தாண்டியவரிடமும், எட்டுக் கிலோவோடு மனம்விட்டுப் போனவரிடமும் கங்காணியின் சத்தம் எடுபடாது. பதினேழில் நிற்பவரோ “முத்தல் இலை பிடுங்காதே, அந்த மட்டத்தை விடாதே” என்று யார் எதைச் சொன்னாலும் திரும்பிப் பேசாமல் செய்வார்.

பத்துப் பிளைண்டுக்கும் கீழே இறங்கியவனுக்கு நூல்கள் இரண்டே வழி விடுகின்றன: எல்லாவற்றையும் நடுவில் தள்ளு, அல்லது சீட்டை வை. பையன்கள் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கொஞ்சம் வைத்துப் பார்ப்பது, எதிராளி ஏற்றினால் வருத்தத்தோடு எழுந்துகொள்வது. இந்தப் பழக்கத்தின் வேரை இழவு வீடுகளில்தான் தேட வேண்டும். விடிய விடிய முழித்திருக்க அங்கே முந்நூற்றி நாலு ஆடுவார்கள். 32 சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் 304. அருமையான ஆட்டம். ஆனால் அதில் எதிரே ஒரு கூட்டாளி இருப்பார். நம் கை மோசமானால் அவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையிலேயே பாதிக் கேள்வி, அதாவது ஏலம், கேட்கப்படுகிறது. அந்த நம்பிக்கையைத் தூக்கிக்கொண்டு போக்கரின் கடைசி மேசைக்கு வருகிறவன், எதிரே இருக்கும் முகம் தெரியாத பிரேசில்காரனைத் தன் பெரியப்பா மகனாக நினைத்துக்கொள்கிறான்.

கூட்டாளி வைத்துக்கொள்வது போக்கரில் குற்றம். ஒருவன் தன் சில்லை வேண்டுமென்றே இன்னொருவனிடம் இழந்தால் இருவருடைய கணக்கையும் முடக்குவார்கள். மலையில் மாமியார் தன் கூடையிலிருந்து இரண்டு கிலோவை மருமகளின் கூடைக்கு மாற்றி அவளுக்கு முழுப்பேர் வாங்கித்தருவதும் கோட்பாட்டளவில் இதே குற்றம்தான். இரண்டு கிலோவால் மாமியாருக்கு நட்டம் 100 ரூபாய், மருமகளுக்கு லாபம் 675. குடும்பத்துக்கு மிச்சம் 575. இதைக் கணக்கிடும் மென்பொருளை அமெரிக்காவில் காசுக்கு விற்கிறார்கள்.

நுழைவுப் போட்டிகளையும் சொல்லாமல் விட முடியாது. இவற்றில் பரிசு பணம் அல்ல, பெரிய போட்டிக்கான இடம். 2003இல் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் நூறு டொலருக்கும் குறைந்த இணைய நுழைவுப் போட்டியில் தொடங்கி, உலகப் போக்கர்த் தொடரின் முதன்மைப் போட்டியை வென்று 25 இலட்சம் டொலர் எடுத்தார். அதன் பிறகுதான் உலகம் பூராவும் இந்த நோய் பரவியது. நுழைவுப் போட்டியில் பத்து இடம் என்றால் பத்துப் பேருக்கும் ஒரே பரிசு, முதலாவதாக வந்தாலும் பத்தாவதாக வந்தாலும். போதுமான சில்லு சேர்ந்தவன் அதற்குப் பிறகு இரண்டு ஆசு வந்தாலும் கீழே வைக்க வேண்டும் என்பது விதி. ஐந்துக்கு நாலு முறை வெல்லும் சோடியைக் கீழே போடுவதா என்று பையன்கள் பதறுகிறார்கள். மேலதிகக் கிலோவுக்குக் காசு கிடையாது என்று ஒரு நாள் சொல்லிப் பார்க்கட்டும், அளவு எடுத்த அடுத்த நிமிடம் மலை எப்படி அமைதியாகும் என்று தெரியும்.

போட்டியை நடத்துபவர் ஒவ்வொருவரிடமும் நுழைவுச் சில்லில் ஒரு பங்கு பிடித்துக்கொள்வதைப் பையன்கள் பெரிய அநியாயமாகப் பேசுகிறார்கள். வீட்டில் அம்மாமாரிடம் சொன்னால் சிரிப்பார்கள். சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு என்று தராசிலேயே போவதைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். போக்கர்க்காரனாவது தன் பங்கை முன்கூட்டியே திரையில் எழுதிப் போடுகிறான்.

இறுதியாக நேரம். பெரிய ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகள் அமெரிக்கக் கிழக்குக் கரையின் பிற்பகலில் தொடங்குகின்றன. நமக்கு அப்போது நள்ளிரவு நெருங்கும். பல மணித்தியாலம் கழித்துக் கடைசி மேசை கூடும்போது இங்கே திங்கள் விடிந்து பிரட்டுக்கு ஆள் சேர்ந்துகொண்டிருக்கும். உலகத்தின் மற்ற ஆட்டக்காரர்கள் கடைசி மேசையில் தூக்கத்தோடு போராடுகிறார்கள். நம்முடையவன் தூக்கத்தோடும், “டேய், நேரமாச்சுடா” என்ற குரலோடும், தண்ணீர்த் தாங்கிப் பாறையில் இடம் கேட்டு நிற்கும் அடுத்தவனோடும் போராடுகிறான்.

அப்படியான ஒரு திங்கட்கிழமை விடியலில் நமது கோட்பாடு பரிசோதிக்கப்பட்டது. நாலு பேர் மிச்சம், மூன்று பேருக்குப் பரிசு. பையனிடம் இரண்டு கிங். பெரிய சில்லுக்காரன் எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிட்டான். மேசையில் ஒருவனிடம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. படங்கைக் கட்டிக்கொண்டு கூடையோடு பாறையைத் தாண்டிய பெரியம்மாவை மறித்து, நிலைமையைச் சில்லுக்குப் பதில் கிலோவாக மாற்றிச் சொன்னேன். அவர் சீட்டு என்ன என்று கேட்கவில்லை.

“அந்த ஒண்ணுமில்லாதவன் அடுத்து எப்ப கட்டணும்?”

“அடுத்த கைக்குங்க, பெரியம்மா.”

“அப்ப இவன் என்னாத்துக்கு இப்ப மல்லுக்கு நிக்கிறான்? வச்சுட்டுச் சும்மா இருக்கச் சொல்லுங்க. அவன் தானா போவான்.”

மேசையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியும் அதுதான், அதற்கான விடையும் அதுதான். ஆனால் பையன் அதற்குள் அழுத்திவிட்டிருந்தான். எதிரே இரண்டு ஆசு. நாலாவது இடம்.

ஒருவரை மட்டும் கொண்ட மாதிரிக்கூறு போதாது என்று மதிப்பீட்டாளர்கள் சொல்லக்கூடும் என்பதால், இன்னும் சில கைகளைப் பெரியம்மாவின் முன்வைக்க விரும்பினேன். கேள்விக்குப் பதில் சொன்னால் பேர் போடுவீங்களா, முழுப்பேரா அரைப்பேரா என்று கேட்டார். அந்தச் செலவுக்கு எந்தத் தலைப்பில் நிதி ஒதுக்குவது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.