காதுக்குப் பின்னால் ஒரு நடிகர்

வாசகர், திருவொற்றியூர்:
என் மச்சான் சினிமாவில் நடிப்பதாகச் சொல்கிறான். படத்தில் எங்கே தேடியும் ஆளைக் காணோமே?

நீங்கள் ஹீரோவின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் காதுக்குப் பின்னால் பாருங்கள். அங்கே கலங்கலாக ஒரு கட்டம் போட்ட சட்டை தெரிந்தால் அதுதான் மச்சான். சட்டையும் அவருடையதே. "வெள்ளை வேணாம், கறுப்பு வேணாம், ரெண்டு செட் எடுத்துட்டு வா" என்று துணை நடிகர் ஏஜென்ட் முந்தின ராத்திரி போனில் சொல்லியிருப்பார்.

வாசகர், எண்ணூர்:
வடசென்னைக் கதை என்றால் வடசென்னைக்காரருக்குத்தானே முதல் வாய்ப்பு?

ஆசைதான். 1958-ல் 'சபாஷ் மீனா'வில் ரிக்‌ஷாக்காரராக மெட்ராஸ் பாஷையில் வெளுத்து வாங்கிய சந்திரபாபு தூத்துக்குடிக்காரர். 2021-ல் 'சார்பட்டா பரம்பரை'யின் கபிலனாக வந்த ஆர்யா காசர்கோடு பக்கம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாடுபட்டுத்தான் நம்மூர் ஆளானார்கள். ராயபுரத்தில் பிறந்தவருக்கு அந்தப் பேச்சு இலவசமாக வந்துவிட்டதே, அதற்கு யார் பேட்டா கொடுப்பார்கள்? கூட்டத்தில் நின்று கைதட்டுவார். கன்னத்தில் தழும்பு இருந்தால் அடியாளாகப் பதவி உயர்வு. தழும்பு லேத் பட்டறையில் விழுந்தது என்று அசிஸ்டென்ட் டைரக்டரிடம் மூச்சு விடக் கூடாது. பெரம்பூர் பின்னி மில்லும் மூடிய பிறகு பல வருஷம் ஆள் எடுத்தது, சண்டைக் காட்சியில் அடி வாங்க.

வாசகி, தண்டையார்பேட்டை:
என் வீட்டுக்காரர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போகிறாராம். விடலாமா?

நடிக்க விடுங்கள், வேலையை விட விடாதீர்கள். தேங்காய் சீனிவாசன் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்துக்கொண்டேதான் நாடகம் போட்டார். 'கல் மணம்' நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக வந்தார், பட்டம் ஒட்டிக்கொண்டது. ஓமக்குச்சி நரசிம்மனைப் பார்த்துச் சோற்றுக்கு இல்லாதவர் என்று நினைத்தவர்கள் உண்டு. மனுஷர் எல்.ஐ.சி.யில் சம்பளம் வாங்கியவர்! துணை நடிகருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அந்தக் காலத்து ஹார்பர் கூலியைப் போலத்தான்: கப்பல் வந்தால் காசு. 2020 மார்ச்சில் கொரோனாவால் ஷூட்டிங் நின்றது, பல வீடுகளில் அடுப்பும் நின்றது. இதில் எனக்கு நகைச்சுவை வரவில்லை, மன்னிக்கவும்.

வாசகர், விம்கோ நகர்:
மெட்ரோ வந்த பிறகு எங்கள் பகுதி நடிகர்களுக்கு வடபழனி பக்கமாகிவிட்டதா?

2021 பிப்ரவரியிலேயே உங்கள் வாசலுக்கு ரயில் வந்துவிட்டது. சென்ட்ரலில் பச்சைத் தடத்துக்கு மாறினால் வடபழனி. ஆனால் ஆறு மணிக்கு ஸ்பாட்டில் நிற்க வேண்டியவர் காலை முதல் ரயிலை நம்பினால் கம்பெனி பொங்கல் தீர்ந்திருக்கும். பொங்கலுக்காகவே பைக் வைத்திருக்கும் சிநேகிதர் தேவைப்படுகிறார்.

வாசகர், காசிமேடு:
பக்கத்து வீட்டுப் பையனுக்கு டயலாக் கிடைத்துவிட்டதாம். தெருவுக்கே பிரியாணி போட்டான். என்ன டயலாக்காக இருக்கும்?

"அண்ணே, அவங்க வர்றாங்கண்ணே!" டப்பிங்கில் குரல் வேறு ஒருவருடையதாக இருக்கலாம். பிரியாணி அவன் போட்டதுதான்.