முதல் வரியில் முடிவு

கேள்வி: வாராவாரம் மீட்டிங் நடத்துகிறேன். பேச்சு நீள்கிறதே தவிர முடிவு வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பேசுவதற்கு முன் எழுதச் சொல்லுங்கள். அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-இல் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயிண்டை நிறுத்தினார். பதிலுக்கு ஆறு பக்கக் குறிப்பு வந்தது. கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அதை மௌனமாகப் படிப்பார்கள். துண்டு துண்டான வரிகளில் ஒளிந்துகொள்ளும் ஓட்டை, முழு வாக்கியம் எழுதும்போது எழுதுபவர் கண்ணிலேயே பட்டுவிடும். 'வீட்டிலேயே படித்துவிட்டு வரலாமே?' என்பீர்கள். பாதிப் பேர் படிக்காமல் வந்து, படித்தவர்களைவிட பலமாகத் தலையாட்டுவார்கள். சின்னக் குழுவுக்கு ஆறு பக்கம் அதிகம்தான், ஒரு பக்கம் போதும். ஆனால் இன்று எதை முடிவு செய்யப் போகிறோம் என்பது முதல் வரியில் இருக்கட்டும். அந்த வரி எழுத வரவில்லையா? அந்த வாரம் கூட்டத்தை ரத்து செய்யுங்கள்.