எக்ஸ்ரேவுக்கே கோப்பையைக் கொடுத்துவிடலாம்

அனுப்புநர்:
கோப்பைகளை மனமார நம்பும் ஒரு கால்பந்து ரசிகன்,
தமிழ்நாடு.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு,
புது தில்லி.

நகல்: மாநிலக் கால்பந்து சங்கங்கள், பள்ளித் தலைமையாசிரியர்கள், அகாடமி உரிமையாளர்கள், எல்லைக்கோட்டருகே நின்று கத்தும் பெற்றோர்.

பொருள்: 13 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில் எப்பாடுபட்டேனும் வெல்லும் நமது கொள்கையை மேலும் செம்மைப்படுத்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் பாராட்டு. தெற்காசியச் சிறுவர் கோப்பையை 2022, 2023, 2024, 2025 என்று வரிசையாக நான்கு ஆண்டுகள் நாம்தான் தூக்கியிருக்கிறோம். 2025 செப்டம்பரில் கொழும்பில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்தைப் பெனால்டியில் வீழ்த்தினோம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நவம்பரில் டாக்காவில் நம் மூத்தோர் அணி அதே வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றது. அதற்கு முந்தைய மாதமே மார்காவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெறும் வாய்ப்பையும் தொலைத்திருந்தது. சிறுவர்கள் வெல்கிறார்கள், பெரியவர்கள் தோற்கிறார்கள்; ஆகவே கால்பந்தைப் பதினாறு வயதோடு நிறுத்திக்கொண்டால் நம்மைப்போல் நிம்மதியான கால்பந்து நாடு வேறு இருக்காது. இன்றைய சிறுவர்கள் இனிமேல்தானே பெரியவர்கள் ஆவார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது குறுக்கிடலாம். நியாயம்தான். ஆனால் இதே கோப்பையை நாம் 2013-லும் 2017-லும்கூட வென்றோம். அந்தப் பையன்களுக்கு இப்போது ஏறத்தாழ 28 வயதும் 23 வயதும் ஆகிறது. ஒரு கால்பந்து வீரன் உச்சத்தில் ஆடும் பருவமே அதுதான். கோப்பை வளர்ந்திருந்தால், இந்நேரம் மகசூல் வந்திருக்க வேண்டும்.

நம்மை மட்டும் குறை சொல்வது முறையல்ல. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நைஜீரியா ஐந்து முறை வென்றிருக்கிறது. அந்த வயதில் அதைவிட அதிகம் வென்ற நாடு கிடையாது. அதே நைஜீரியா மூத்தோர் உலகக் கோப்பையின் நாக் அவுட் சுற்றில் இன்றுவரை ஓர் ஆட்டத்தைக்கூட வென்றதில்லை. கானா இரண்டு முறையும், 1989-ல் சவூதி அரேபியா ஒரு முறையும் சிறுவர் உலகப் பட்டத்தை வென்றன. மறுபக்கம், இந்தச் சிறுவர் பட்டத்தை அர்ஜென்டினா ஒருமுறைகூட வென்றதில்லை, இத்தாலியும் வென்றதில்லை. பெரியவர்களுக்கான உலகக் கோப்பையை அர்ஜென்டினா மூன்று முறையும் இத்தாலி நான்கு முறையும் கொண்டுபோயின. சிறுவயது வெற்றி கெடுதல் என்று இதற்குப் பொருளில்லை. பிரேசில் இரண்டு பிரிவிலும் வென்ற நாடு. சிறுவயது வெற்றியை வைத்துப் பின்னால் நடக்கப்போவதைக் கணிக்க முடியாது என்பதுதான் பொருள். பதினாறு வயதுக் கோப்பைக்கே ஜோசியம் சொல்லத் தெரியவில்லை என்றால், பதினொரு வயதுக் கோப்பை என்ன சொல்லிவிடும்?

காரணம் ஒன்றும் பரம ரகசியம் இல்லை. ஜனவரி 1-ஐ எல்லையாக வைத்து வயதுப் பிரிவு போட்டால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே அணிக்குப் போட்டியிடுவார்கள். பத்து வயதில் அந்தப் பதினொரு மாதம் என்பது வாழ்ந்த காலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே இளையோர் அணிகளை நிறைப்பதை 1985-லேயே கனடாவின் ஐஸ் ஹாக்கியில் ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள். அதன்பின் ஐரோப்பியக் கால்பந்து அகாடமிகளிலும் அதே கதையைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டார்கள். பிறந்த மாதத்தைவிடப் பெரிய விஷயம், உடம்பு முதிரும் வேகம். ஒரே நாளில் பிறந்த இரண்டு பன்னிரண்டு வயதுப் பையன்களில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். இன்னொருவனுக்குக் குரலே உடைந்திருக்காது. எலும்பின் முதிர்ச்சியில் அவர்களுக்குள் மூன்று, நான்கு ஆண்டு இடைவெளி இருக்கலாம். இதில் பொய்ச் சான்றிதழ் எதுவும் கிடையாது, இருவருமே யோக்கியமான பன்னிரண்டு.

இங்கேதான் என் முதல் யோசனையைச் சமர்ப்பிக்கிறேன். வயது மோசடியைப் பிடிக்க இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, டி.டபிள்யூ.3 முறையில் எலும்பு வயதைக் கணிப்பது நம் நாட்டு இளையோர் போட்டிகளில் வழக்கமாகிவிட்டது. ஃபிஃபாவும் 2009 முதல் சிறுவர் உலகக் கோப்பைக்கு மணிக்கட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதியே பிறந்தநாளாக நிலைத்துவிட்ட ஊரில் இது தேவையான ஏற்பாடு. ஆனால் அந்தப் படத்துக்கு மோசடியை மட்டுமல்ல, வேறொன்றையும் சொல்லத் தெரியும். எந்த அணியின் மணிக்கட்டு எலும்புகள் அதிகம் முதிர்ந்திருக்கின்றனவோ அந்த அணியே பெரும்பாலும் வெல்லும் என்றால், நாற்பது டிகிரி வெயிலில் குழந்தைகளை எதற்கு ஓடவிட வேண்டும்? எல்லாப் படங்களையும் ஒரு விளக்குப் பலகையில் மாட்டி, முதிர்ந்த எலும்புக்குக் கோப்பையைக் கொடுத்துவிடலாம். நடுவர் செலவும் பந்துச் செலவும் மிச்சம்.

ஆட்டம் நடந்துதான் தீர வேண்டும் என்றால், எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். பெரியவர்களின் முழு மைதானம், பதினொரு பேர், நெட்டையாக வளர்ந்த பையன் நடுத்தடுப்பில், வேகமாக ஓடுபவன் முன்னால். கோல்கீப்பர் பந்தைக் கையில் எடுத்ததும் பயிற்சியாளர் கத்துவது ஒரே மந்திரம்: “நீட்டி அடிடா!” பந்து பதினைந்து தலைகளுக்கு மேலே பறக்கிறது, வேகக்காரன் துரத்துகிறான், கோல். நடுக்களத்தில் நிற்கும் சின்னப் பையன் அண்ணாந்து பார்த்ததோடு அவன் பங்கு முடிந்தது. தப்பித் தவறி அவன் காலுக்குப் பந்து வந்து, தன் பெனால்டி பகுதியருகே அதை நிறுத்தி, ஒருவனை ஏமாற்றித் திரும்பப் பார்த்தால், நாலா பக்கமும் “வெளிய அடி, வெளிய அடி!” அடுத்த ஆட்டத்தில் அவன் பெஞ்சில். அவன் செய்ய முயன்றதுதான், பத்து ஆண்டு கழித்து நம் தேசிய அணியில் யாருக்கும் வரவில்லையே என்று டிவி விவாதங்களில் நாம் அங்கலாய்க்கும் திறமை. நெருக்கடியில் பந்தை வைத்துக்கொள்ளும் தைரியத்தைப் பதினொரு வயதில் தண்டித்துவிட்டு, இருபத்தொரு வயதில் அதற்கு விளம்பரம் கொடுத்துத் தேடுகிறோம். கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம் சந்தைக்கு முதலில் வந்துவிடும். வாங்கியவருக்குத்தான் தெரியும் உள்ளே என்ன இருக்கிறதென்று.

பெல்ஜியக்காரர்கள் இந்த விஷயத்தில் மன்னிக்க முடியாத காரியம் ஒன்றைச் செய்தார்கள். யூரோ 2000-ஐ நெதர்லாந்தோடு சேர்ந்து நடத்திய அவர்கள், சொந்த மண்ணில் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். நாமாக இருந்தால் பயிற்சியாளரை மாற்றியிருப்போம். அவர்களின் தொழில்நுட்ப இயக்குநர் மிஷேல் சப்லோன், பல்கலைக்கழக ஆய்வாளர்களை வைத்துச் சுமார் 1,500 சிறுவர் ஆட்டங்களைப் படம்பிடிக்கச் செய்தார். வெற்றிக்குக் கொடுக்கும் அழுத்தம் அதிகம், வளர்ச்சிக்குக் கொடுப்பது குறைவு என்பது வெளிவந்த முடிவுகளில் ஒன்று. ஆள் எண்ணிக்கையைக் குறைத்துச் சிறு மைதானங்களில் ஆடவிட்டார்கள், மிகச் சிறியவர்களின் பிரிவுகளில் புள்ளிப் பட்டியலையே ஒழித்தார்கள், தாமதமாக வளரும் பையன்களுக்கென்று தனித் தேசிய இளையோர் அணியே அமைத்தார்கள். அந்த நாட்டில் ஆள் சிறியவன் என்று இளம் வயதில் கிளப்புகள் கழித்துவிட்ட ட்ரீஸ் மெர்டன்ஸ் பின்னால் தேசிய அணிக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். 2015-ல் உலகத் தரவரிசையில் பெல்ஜியம் முதலிடம், 2018 உலகக் கோப்பையில் மூன்றாமிடம். எட்டு வயதுக் கோப்பைகள் எத்தனை போயினவோ, பாவம்.

“போட்டி இல்லாமல் வளர்த்தால் பிள்ளைகள் சவலையாகிவிடுவார்கள்” என்பது உங்கள் தரப்பின் வலுவான வாதம். ஜெர்மனியிலும் இதைச் சொன்னார்கள். அங்கே 2024-25 பருவம் முதல் சிறுவர்களுக்குச் சிறு கோல், சில ஆட்கள், பட்டம் கிடையாது என்று விதி வந்தது. முன்னதாகவே அந்நாட்டுக் கூட்டமைப்பின் துணைத் தலைவர் வாட்ஸ்கே, இனி பந்தே இல்லாமல் ஆடச் சொல்வார்கள் என்ற தொனியில் கிண்டல் செய்தார். நானும் அவர் கட்சியாக இருந்திருப்பேன், ஒரு சின்னச் சிக்கல் மட்டும் இல்லாவிட்டால்: அந்த விதி யாரையும் வெல்லாதே என்று சொல்லவில்லை. மூன்றுக்கு மூன்று ஆடும் குழந்தைக்கு ஸ்கோர் நன்றாகவே தெரியும். தோற்றால் அழும், சோறு சாப்பிட்டதும் மறந்துவிடும். மறக்காதவர்கள் பெரியவர்கள். வெல்ல ஆசைப்படுவது குழந்தையின் இயல்பு, குழந்தை வென்றே ஆக வேண்டும் என்பது பயிற்சியாளரின் வேலை, பள்ளியின் விளம்பரம், அகாடமியின் கட்டணம். புள்ளிப் பட்டியலை எடுத்துவிட்டால் முதலாவது அப்படியே இருக்கும், இரண்டாவதுதான் காணாமல் போகும். நார்வேயில் 11 வயது வரை தரவரிசைப் பட்டியல் கிடையாது, 13 வயது வரை தேசியப் பட்டம் கிடையாது; எல்லா விளையாட்டுக்கும் ஒரே விதி. அதனால்தான் உலகை வென்றார்கள் என்று சொன்னால் நான் பொய்யன். அவர்களின் ஆடவர் கால்பந்து அணி 1998-க்குப் பிறகு 2026 வரை உலகக் கோப்பைப் பக்கமே போகவில்லை. ஆனால் சவலைப்பிள்ளை வாதத்துக்கு இது போதும்: ஏறத்தாழ 53 லட்சம் பேர் கொண்ட அந்நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களை அள்ளியது.

இன்னொரு ஆட்சேபம் உண்டு, அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஏழை வீட்டுப் பையனுக்குக் கோப்பை என்பது அலமாரிப் பொருள் அல்ல. சான்றிதழ், கல்லூரி இடம், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. தமிழ்நாட்டில் அரசு வேலைக்கே 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. வெற்றியை மதிக்காதே என்று வசதியுள்ளவன் அவனிடம் சொல்வது எளிது. ஆனால் வேலை வாங்கித் தரும் சான்றிதழ் பன்னிரண்டு வயதில் வருவதல்ல, பதினெட்டைத் தொட்டும் தாண்டியும் வருவது. அந்த வயது வரை ஆட்டத்தில் நீடித்தவனுக்குத்தான் அது. சத்துக்குறைவால் தாமதமாக வளரும் பிள்ளைகள் ஏழை வீடுகளில்தான் அதிகம். பன்னிரண்டு வயதுக் கோப்பைக்காக முதலில் பெஞ்சுக்குப் போவதும் அவர்களே. அவர்கள் பெயரைச் சொல்லி நாம் காப்பாற்றும் முறைதான் அவர்களை வடிகட்டுகிறது. பெரிய பிரிவுகளில் வெற்றி முக்கியமில்லை என்றும் நான் சொல்லவில்லை. 2025 நவம்பரில் அகமதாபாத்தில் நம் 17 வயதுக்குட்பட்டோர் ஈரானை 2-1 என்று வென்று அந்த வயதுக்கான ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்றது அசல் வெற்றி. எண்ணத் தொடங்கும் வயதைத்தான் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்கிறேன்.

எனவே கனிவுடன் வேண்டுவது இவ்வளவே. 2018-ல் கோல்டன் பேபி லீக்கைத் தொடங்கியது உங்கள் கூட்டமைப்புதான். சிறு மைதானமும் குறைந்த ஆட்களும் என்ற அந்த நல்ல புத்தி பதின்மூன்று வயது வரை நீடிக்கட்டும். சிறுவர் போட்டிகளில் நாக் அவுட் வேண்டாம். பதினாறு அணிகளை நாக் அவுட்டில் விட்டால் பதினைந்தே ஆட்டம். எட்டு அணிகள் ஓர் ஆட்டத்தோடு பேருந்து ஏறிவிடும், அதிகம் கற்க வேண்டியவர்களே குறைவாக ஆடுவார்கள். நான்கு நான்காகப் பிரித்தால் எல்லோருக்கும் மூன்று ஆட்டமாவது உண்டு. அணியில் எடுத்த ஒவ்வொரு பிள்ளையும் பாதி நேரமாவது ஆட வேண்டும் என்று விதி போடுங்கள். சிறுவர் பயிற்சியாளரின் சம்பளத்தை, அவர் கையில் பயின்றவர்களில் எத்தனை பேர் பதினெட்டு வயதிலும் ஆடுகிறார்கள் என்று பார்த்து உயர்த்துங்கள். நிதி இல்லை என்று மட்டும் பதில் எழுத வேண்டாம், ஐயா. ஒரு புள்ளிப் பட்டியலை அச்சடிக்காமல் இருப்பதற்கு இதுவரை எந்த அலுவலகமும் டெண்டர் விட்டதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோப்பைகளை மனமார நம்பும் ரசிகன்.