தூரத்து நாரைக்கே மவுசு

மார்கழி பிறந்தால் மந்தைவெளியில் இரண்டு கூட்டம் விடியற்காலையில் எழுந்துகொள்ளும். ஒன்று கோயிலுக்கு, இன்னொன்று வேடந்தாங்கலுக்கு. முதல் கூட்டத்துக்குப் பொங்கல் நிச்சயம். இரண்டாவதற்கு நாரை நிச்சயமில்லை.

நாலு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். தெருமுனை தாண்டியதும், "கேஸை அணைச்சியா?" என்று வண்டி வீட்டுக்குத் திரும்பும். பரனூர் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேகில் காசு இருக்காது. அப்புறம் டிபன், அதற்குப் பின் இரண்டாவது காபி. சுமார் 80 கிலோமீட்டர் கடந்து ஏரிக்கரையில் இறங்கும்போது மணி பத்தரை. பறவைகள் பெரும்பாலும் இரைதேடப் போயிருக்கும், சாயங்காலம்தான் திரும்பும். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். மந்தைவெளிக்காரர் வரும்வரை பறவைகள் காத்திருக்க வேண்டும் என்று அதில் ஷரத்து சேர்க்க மறந்துவிட்டார்.

இத்தனைக்கும் அடையாறு முகத்துவாரம் ஆட்டோ தூரம்தான். அதையொட்டி 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா. வக்காவும் நீர்க்காகமும் சுங்கம் கேட்காமல் காட்சி தரும். ஆனால் அங்கே போய்விட்டு வந்து ஆபீசில் என்ன சொல்லிக்கொள்வது? லீவு போட்டு, பெட்ரோல் போட்டு, தொப்பியும் போட்டுக்கொண்டு பார்த்தால்தான் அது நாரை. நம் பேட்டையில் வந்து நின்றால் வெறும் கொக்கு.